நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு எப்படி மாரடைப்பு வந்தது?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17 அன்று காலமானபோது அவருக்கு வயது 59. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். உடற்பயிற்சியில் அக்கறை உள்ளவர் என்று கர்நாடகமே அறிந்தவர் அவர். அதற்குப் பிறகும் ஜிம்மில் சரிந்தவர், கிரிக்கெட் ஆடும்போது விழுந்தவர், அலுவலக நாற்காலியிலேயே உயிர் பிரிந்தவர் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிசிடிவி காட்சிகள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. கூடவே சில கேள்விகளும் சுற்றுகின்றன.

உடற்பயிற்சி செய்தவருக்கே இந்தக் கதி என்றால் நாம் ஏன் செய்ய வேண்டும்? போன மாதம் எடுத்த இசிஜி நார்மல் என்றார்களே? எல்லாம் கொரோனா தடுப்பூசியால் வந்ததா? எங்கள் தாத்தா தினமும் பீடி பிடித்து 90 வயது வரை இருந்தாரே, அது எப்படி?

இந்த நான்கு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: இதய நோய் மாரடைப்பு வந்த அன்றைக்குத் தொடங்குகிறது என்ற எண்ணம். அது தவறு. அடைப்பு வெடிக்கும் நிமிடம் திடீரென்று வருகிறது. அந்த நிமிடத்துக்கான ஏற்பாடு இருபது, முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. அன்றாடப் பழக்கங்கள் வேலை செய்வது பெரும்பாலும் அந்த நீண்ட காலத்தின் மீதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தெளிவாகும்.

## மூன்று வேறு நிலைமைகள்

செய்திகளில் எல்லாவற்றையும் "ஹார்ட் அட்டாக்" என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. மாரடைப்பு: இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று அடைபட்டு, அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குவது. பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார். நெஞ்சு வலிக்கும், வியர்க்கும்.

2. திடீர் இதய நிறுத்தம்: இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, அது ரத்தத்தை வெளியே தள்ளுவதை நிறுத்திவிடுவது. ஆள் சில நொடிகளில் நினைவிழந்து விழுவார். நடுவயதுக்கு மேல் இதற்கு முக்கியக் காரணம் மாரடைப்பு. இளவயதில் பிறவியிலேயே தடித்த இதயத் தசை, மரபு வழி வரும் மின்னோட்டக் கோளாறு போன்றவையும் காரணமாகலாம்.

3. இதயச் செயலிழப்பு: இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் பலவீனமாகிவிடும். மூச்சு வாங்கும், கால் வீங்கும். இது மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நடப்பது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. பழக்கங்களால் அதிகம் தடுக்கக்கூடியதும் அதுதான்.

## ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது

1953ல், கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் அறுத்துப் பார்த்தார்கள். வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் அந்த வயதிலேயே நோயின் அடையாளம் இருந்தது. யாருக்கும் அறிகுறி இருந்ததில்லை, எல்லோரும் போருக்குத் தகுதியான உடம்பு என்று தேர்வானவர்கள். இதய நோய் முதுமையில் வருவது என்ற நம்பிக்கையை அசைத்த கண்டுபிடிப்பு அது.

நடக்கும் வரிசை இதுதான்:

1. தமனியின் உள்பக்கம் மெல்லிய செல் வரிசை ஒன்று இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், புகையிலை, அதிக சர்க்கரை ஆகியவை அதைச் சிறுகச் சிறுகச் சேதப்படுத்துகின்றன.

2. சேதமான இடத்தில் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் துகள், சுவருக்குள் நுழைந்து தங்குகிறது.

3. உடம்பின் பாதுகாப்புச் செல்கள் அதை விழுங்க வருகின்றன. விழுங்கிய செல்கள் அங்கேயே இறந்து குவிகின்றன. கொழுப்பும் இறந்த செல்களும் சேர்ந்த இந்தக் குவியலைப் படிவு என்கிறோம். அதன் மேல் ஒரு நார் மூடி உருவாகிறது.

4. ஒரு நாள் அந்த மூடி விரிசல் விடுகிறது. உள்ளே இருப்பது ரத்தத்தைத் தொட்டதும், காயம் பட்ட இடம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைகிறது. உறைகட்டி சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடும். இதுதான் மாரடைப்பு.

படிவு என்றதும் குழாய்க்குள் அழுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தோலுக்கு அடியில் பழுக்கும் கட்டி போல அது சுவருக்குள்ளேயே இருக்கிறது. பூண்டுச் சாறோ, எலுமிச்சையும் இஞ்சியும் காய்ச்சிய கஷாயமோ அதைக் கழுவி எடுத்துவிடாது. ஆனால் எல்டிஎல் நன்றாகக் குறைந்தால் மூடி தடித்து உறுதியாகும், வெடிக்கும் வாய்ப்பு குறையும், படிவு கொஞ்சம் சுருங்கவும் செய்யும்.

## இசிஜி நார்மல் என்றால் என்ன பொருள்

இங்கேதான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஓய்வில் எடுக்கும் இசிஜி, அந்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிறது. எக்கோ, தசை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று காட்டுகிறது. டிரெட்மில் சோதனை, வேகமாக நடக்கும்போது ரத்த ஓட்டம் போதுகிறதா என்று பார்க்கிறது. குழாய் சுமார் 70 சதவீதம் குறுகிய பிறகுதான் உழைக்கும்போது ஓட்டம் போதாமல் போகும்.

ஆனால் விரிசல் விடுவது பெரிய படிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாதி அளவுகூட அடைக்காத, மெல்லிய மூடி கொண்ட படிவுகள் வெடித்து வரும் மாரடைப்புகள் ஏராளம். முந்தைய நாள் டிரெட்மில்லில் அவர் நன்றாகவே ஓடியிருப்பார். சோதனை பொய் சொல்லவில்லை. நாம் கேட்க நினைத்த கேள்வியை அதனிடம் கேட்கவே இல்லை.

அதனால் "முழு உடல் பரிசோதனை நார்மல்" என்ற ஒரு வரியைவிட, உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு, எல்டிஎல் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, புகையிலை உண்டா என்ற விடைகள் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லும்.

## தடுப்பூசிக் கேள்வி

சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப் பரவியல் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்குவது. திடீரென இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்களைப் பற்றி அது ஓர் ஆய்வு நடத்தியது. 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 47 மருத்துவமனைகள் பங்கேற்றன. இறந்தவர்களை, அதே வயதும் பாலினமும் அதே பகுதியும் கொண்ட உயிரோடு இருப்பவர்களுடன் ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது, போதைப்பொருள், முந்தைய 48 மணி நேரத்தில் கடுமையான உடலுழைப்பு.

கடைசியாகச் சொன்னது நம்மை உடற்பயிற்சிக் கேள்விக்குக் கொண்டுவருகிறது.

## உடற்பயிற்சி காக்கிறதா, கொல்கிறதா

இரண்டுக்கும் சான்று இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

முதலில் காப்பது. 1953ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை மாடிப் பேருந்து ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படியேறி இறங்குபவர். இருவரும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரிச் சமூகப் பின்னணி. நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் ஜிம்முக்குப் போகவில்லை, வேலையைத்தான் செய்தார்கள். எழுபது ஆண்டுகளாக வந்த பல ஆய்வுகள் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

இப்போது கொல்வது. 1993ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்த்தது. வாரத்துக்கு ஒரு முறைகூட உடம்பை வருத்தாதவர்களுக்கு அது 107 மடங்கு. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு வெறும் 2.4 மடங்கு. தனி ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதால் 107 மடங்கும் சிறிய எண்தான். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆபத்தில் நிறுத்துவது பழக்கமே இல்லாத உடம்பை ஒரே நாளில் முறுக்குவது.

ஆகவே, பல ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்துவிட்டு 45 வயதில் ஜிம்மில் சேர்பவர், முதல் வாரமே அதிக எடை தூக்கக் கூடாது. குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, சர்க்கரையோ, பிபியோ, புகைப்பழக்கமோ இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாள், தூங்காத இரவுக்கு மறுநாள், நிறையக் குடித்த இரவுக்கு மறுநாள் கடும் பயிற்சி வேண்டாம்.

எவ்வளவு போதும்? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியாவது வேண்டும் என்கிறது. மிதமானது என்றால், நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். தினமும் 10,000 காலடிகள் என்ற கணக்கு 1965ல் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்க வந்த விளம்பரத்தில் இருந்து பரவியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், 2,000 காலடி நடப்பவர்களைவிட 7,000 காலடி நடப்பவர்கள் எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 47 சதவீதம் குறைவாக இருந்தது. 10,000 எட்டவில்லையே என்று விட்டுவிடுபவர்கள் இதை மனதில் கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை எகிறுவதைத் தணிக்கும். இடம் இல்லை என்பவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது.

அப்புறம், உடற்பயிற்சி மற்ற ஆபத்துகளை அழித்துவிடாது. தினமும் ஓடுபவரின் எல்டிஎல் 190 ஆக இருந்தால் படிவு சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

## தெற்காசியருக்கு ஏன் முன்னதாக வருகிறது

இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரை வராதவர்களுடன் ஒப்பிட்டது. ஆண்களின் ஆபத்தில் 90 சதவீதத்தையும் பெண்களின் ஆபத்தில் 94 சதவீதத்தையும் ஒன்பது காரணங்களே விளக்கின: புகை, கொழுப்புக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மனச்சுமை, காய்கறி பழம் போதாமை, உழைப்பின்மை, மது சார்ந்த பழக்கம். எந்த நாட்டிலும் பட்டியல் மாறவில்லை.

இதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிட்ட வயது, 53. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஆறு ஆண்டு வித்தியாசம். புதிதாக ஒரு காரணம் நம்மைத் தாக்குவதில்லை. அதே காரணங்கள் நமக்கு முன்னதாகவே வந்துசேர்கின்றன. மரபு வழி வரும் எல்பி-ஏ என்ற கொழுப்புத் துகளும் நம்மில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதிகமாக இருக்கிறது. அதைச் சாப்பாட்டாலோ நடையாலோ பெரிதாக மாற்ற முடியாது. அது அதிகம் இருப்பவர்கள் மற்ற எட்டு ஒன்பதையும் மிகக் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

பீடி பிடித்த தாத்தாவுக்கான பதிலும் இங்கே இருக்கிறது. ஆபத்து என்பது கூட்டத்தில் எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு. அவர் தப்பினார். அவரோடு பீடி பிடித்து 50 வயதில் போனவர்களின் கதையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

## ரத்த அழுத்தமும் உப்பும்

ஒன்பதில் எதில் தொடங்குவது என்று கேட்டால் என் பதில் ரத்த அழுத்தம்தான். காரணம், தமிழ்நாட்டின் நிலை. 2020ல், தொற்றா நோய்களின் ஆபத்துகளை அளக்க நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. உயர் அழுத்தம் உள்ள நூறு பேரில் 93 பேரின் தமனிகள் ஒவ்வொரு துடிப்பிலும் அடி வாங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுப்பது, இந்த இடைவெளியை நோக்கி எடுத்த அடிதான்.

மேல் அழுத்தத்தில் 10 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. வேறு எந்த ஒரு பழக்க மாற்றமும் இவ்வளவு நிச்சயமாகப் பலன் தருவது அரிது.

உப்புக்கு வருவோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிடுகிறோம். மேலை நாட்டுக் கட்டுரைகள் பாக்கெட் உணவைத் தவிருங்கள் என்று முடித்துவிடும், ஏனென்றால் அங்கே உப்பு பெரும்பாலும் அதில்தான் வருகிறது. நம் வீடுகளில் அது அடுப்படியில் இருந்து வருகிறது. சோற்றை உப்பில்லாமல் வடிக்கிறோம், சரி. ஆனால் குழம்பு, ரசம், பொரியல், மோர் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே போடுகிறோம். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு மேலே வந்து சேர்கின்றன. இட்லி மாவில் ஒரு முறை, சட்னியில் ஒரு முறை, சாம்பாரில் ஒரு முறை.

உங்கள் வீட்டுக் கணக்கை எளிதாகப் போடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்கிறது என்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஹோட்டல், பேக்கரி, மிக்சர், கடை ஊறுகாய் எல்லாம் அதற்கு வெளியே.

குறைப்பதற்கு வழி:

1. முதலில் மேஜையில் உப்பு வைப்பதை நிறுத்துங்கள். தயிர்சாதத்துக்கும் வெள்ளரிக்காய்க்கும் தூவுவது அங்கிருந்துதான்.

2. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம்.

3. சமையலில் போடும் உப்பைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் பங்கு குறையுங்கள். நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம் சுவையைத் தாங்கிப்பிடிக்கும்.

4. இந்துப்பு, கடல் உப்பு, கல்லுப்பு எல்லாமே ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். அவற்றுக்கு மாறினால் அழுத்தம் குறையாது.

பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது; முடிவு 2021ல் வெளியானது. ஆனால் சிறுநீரக நோயாளிகளும் சில வகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அவர்கள் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும்.

மாத்திரை பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். "பிபி நார்மலாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். நார்மலாக இருப்பது மாத்திரையால்தான். நிறுத்தினால் சத்தமில்லாமல் ஏறிவிடும். எடை குறைந்து, உப்பு குறைந்து, உண்மையிலேயே அளவு இறங்கினால் மருத்துவரே குறைப்பார்.

## எண்ணெயும் அரிசியும்

எல்டிஎல்லை உயர்த்துவதில் உணவில் உள்ள கொலஸ்டிராலைவிட நிறை கொழுப்புக்கே (சாச்சுரேட்டட் ஃபேட்) பங்கு அதிகம். அதனால் பெரும்பாலோருக்குத் தினம் ஒரு முட்டை பயப்பட வேண்டிய பொருளே இல்லை. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் நிறை கொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. மற்ற தாவர எண்ணெய்களுடன் ஒப்பிட்டால் அது எல்டிஎல்லைக் கூட்டுவதை 2020ல் வந்த தொகுப்பாய்வு உறுதி செய்தது. ரேஷன் பாமாயிலில் பத்தில் நான்கு பங்குக்கு மேல். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் இவற்றில் அதைவிட வெகுவாகக் குறைவு. மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து டீஸ்பூன் போதும். எந்த எண்ணெய் என்பதில் காட்டும் அக்கறையை எவ்வளவு என்பதிலும் காட்ட வேண்டும்.

வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு எல்லாவற்றிலும் மோசமானது. எல்டிஎல்லைக் கூட்டி, நல்ல கொழுப்பைக் குறைக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. ஆனால் பஜ்ஜிச் சட்டியில் நாள் முழுக்கக் கொதித்துக் கறுத்த எண்ணெயைச் சட்டம் தினமும் வந்து பார்க்காது. அதை நாமேதான் தவிர்க்க வேண்டும்.

அரிசி விஷயத்தில் ஒரு புதிய தெளிவு கிடைத்திருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய, நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வான ஐசிஎம்ஆர்-இந்தியாபின் 2025 வெளியீட்டின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானிய மாவு என்று மாறினால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறையவில்லை. மொத்த மாவுச்சத்தின் ஒரு பகுதியைப் பருப்பு, பால் போன்ற புரதமாக மாற்றியபோதுதான் குறைந்தது. தட்டில் ஒரு மலை சோற்றுக்குப் பதில் ஒரு மலை வரகரிசி வைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோற்றைக் குறைத்து, கூட்டு, சுண்டல், கீரை, மத்தி மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஒரு கைப்பிடி நிலக்கடலை நல்ல நொறுக்குத்தீனி, உப்பு சேர்க்காமல்.

## புகையிலை

குறைத்துவிட்டேன், ஒன்றே ஒன்றுதான் என்பவர்களுக்கு ஒரு செய்தி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வந்த முடிவு: தினம் 20 சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி தினம் ஒன்று பிடிப்பவருக்கே கூடிவிடுகிறது. நுரையீரல் புற்றுநோய் போல எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே சீராக ஏறுவதில்லை. சிறிதளவு புகையே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, தமனிச் சுவரைக் கெடுக்கப் போதும் என்பதே காரணம். பீடிக்கும் இது பொருந்தும். வீட்டுக்குள் பிடித்தால் பக்கத்தில் இருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் பொருந்தும். வாயில் அடக்கும் புகையிலையும் பாதுகாப்பானது அல்ல.

நல்ல செய்தி, முழுதாக விட்ட ஓராண்டுக்குள் கூடுதல் ஆபத்தில் பாதி விலகிவிடுகிறது.

## தூக்கம், மது

அமெரிக்க இதயச் சங்கம் 2022ல் இதய நலத்துக்கான தன் ஏழு அம்சப் பட்டியலில் எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். பலத்த குறட்டையும், நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பதும், பகலில் கண்ணயர்வதும் சேர்ந்திருந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். மாத்திரைக்குக் கட்டுப்படாத பிபிக்கு அடிக்கடி காரணம் இதுதான், சிகிச்சை உண்டு.

மது இதயத்துக்கு நல்லது என்று எந்த அளவையும் முக்கிய சுகாதார அமைப்புகள் இன்று பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகவே சொன்னது.

## தெரிந்து வைக்க வேண்டிய எண்கள்

1. ரத்த அழுத்தம்: 18 வயதில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய மட்டத்தில் தாங்கி, பேசாமல் அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ, புகை கூடாது. வெவ்வேறு நாள்களில் 140/90க்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம்.

2. எல்டிஎல்: இந்திய இதயவியல் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் சோதனையை 18 வயதிலேயே செய்யச் சொல்கிறது. பொதுவாக 100க்குக் கீழே. ஏற்கெனவே இதய நோய் இருந்தால் அதைவிட வெகுவாகக் கீழே. எல்பி-ஏ வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும்.

3. சர்க்கரை: 30 வயதுக்கு மேல் எல்லோரும், தொப்பையோ குடும்ப வரலாறோ இருந்தால் இன்னும் முன்னதாக.

4. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. நமக்கான வரம்பு இதுதான். எடை சரியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தாலும் ஆபத்து கணக்கில் வரும்.

5. குடும்பம்: அப்பா, அண்ணன், தம்பி 55 வயதுக்குள், அம்மா, அக்கா, தங்கை 65 வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால் மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லுங்கள்.

## அந்த நிமிடம் வந்தால்

எல்லாம் செய்தும் வரலாம். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பு, குமட்டல், மேல்வயிற்று எரிச்சலாகவும் வரலாம். நம் வீடுகளில் இதை "வாயு" என்று சொல்லி, சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து விடியும்வரை காத்திருப்பதால் போகும் உயிர்கள் பல. வியர்வையோடு வரும் நெஞ்சு அசௌகரியத்தைச் சோதனை முடியும்வரை வாயு என்று நம்பக் கூடாது. 108ஐ அழையுங்கள், நோயாளி தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அதுவும் பயன்படும்: தமிழ்நாட்டின் இதயம் காப்போம் திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுக்கிறார்கள்.

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அதனால் பயன் இல்லை. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் உதவியைக் கூப்பிடலாம்.

ஆள் விழுந்து, அழைத்தும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாமல் இருந்தால் அது இதய நிறுத்தம். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வாயோடு வாய் ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அழுத்தினால் போதும். எதுவும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்காதீர்கள். களைத்தால் பக்கத்தில் நிற்பவரிடம் மாற்றிக்கொடுங்கள்.